காணாமல் போன இருநூற்றுப் பதினொரு வயிறுகள்

வயிற்றுக் கணக்கெடுப்பு இயக்ககம் என்று ஒன்று இருப்பது விலங்குக் காட்சிசாலையின் தீவனக்காரருக்கு அதுவரை தெரியாது. ஆனால் இயக்ககத்துக்கு அவரைத் தெரிந்திருந்தது. அரசு அலுவலகங்களோடு நமக்கு உண்டாகும் உறவு பெரும்பாலும் இப்படி ஒருதலையாகத்தான் தொடங்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் குதிரைக் கொட்டகையில் உலர்ந்த புல்லைப் பிரித்து உதறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பிடியையும் மூக்கருகே கொண்டுபோய்ப் பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தொட்டியில் போடுவார். எதிரே சீமாட்டி நின்றிருந்தாள். இருபத்தாறு வயதான வெள்ளைக் குதிரை. ஒரு காலத்தில் பிள்ளைகளை ஏற்றிய வண்டியை இழுத்தவள். வண்டி உடைந்த பிறகு யாரும் மாற்று வேலை கொடுக்காததால் சும்மா நிற்பவள். பதினேழு வருடமாக அவர் கையால்தான் சாப்பாடு. அவர் அரை மணி தாமதமாக வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு முதுகைக் காட்டுவாள். இது பற்றி வீட்டில் அவர் மனைவிக்குச் சொந்தமாக ஒரு கருத்து இருந்தது. "எனக்குப் பதினாறு வருஷம், அவளுக்குப் பதினேழு. அவதானே மூத்தவ!"

அன்று வந்த பழுப்பு உறைக்குள் ஒரு படிவம் இருந்தது. விலங்கின் பெயர், முதல் வயிறு, இரண்டாம் வயிறு, மூன்றாம் வயிறு, நான்காம் வயிறு, உண்ட நேரம், செரித்த நேரம். கீழே தடித்த எழுத்தில், "எந்தக் கட்டமும் காலியாக விடப்படலாகாது."

இயக்ககம் பதினோரு வருடமாக மாட்டுப் பண்ணைகளை மட்டுமே கணக்கெடுத்து வந்தது. மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். தின்ற புல் முதல் அறையில் ஊறி, மறுபடி வாய்க்கு வந்து அரைபட்டு, மீதி அறைகளைக் கடந்து போகும். இயக்ககம் ஒவ்வோர் அறையையும் ஒரு வயிறு என்று எண்ணியது. அப்படி எண்ணினால் ஆண்டறிக்கை கனமாக இருந்தது. மாடுகள் தீர்ந்துபோனதும் பணி விரிவாக்கம் என்ற பெயரில் காட்சிசாலைக்கு வந்திருக்கிறார்கள்.

தீவனக்காரர் படிவத்தை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனார். மருத்துவர் படித்தவர். அதனால் பயந்தவர்.

"டாக்டர், நம்ம சீமாட்டிக்கு எத்தனை வயிறு?"

"ஒண்ணு. அதுவும் சின்னது. புல்லெல்லாம் பின்னாடி பெருங்குடல் பக்கம் போய்த்தான் நொதிக்கும்."

"பேசாம எல்லாத்துக்கும் நாலுன்னு போட்டுத் தள்ளிடவா? வம்பு விட்டுது."

மருத்துவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "போடலாம். போட்டா, அந்தக் கணக்கைப் பார்த்து நாலு வயித்துக்கான தீவன மூட்டைதான் அனுப்புவாங்க. அதுல மாடு கொழுக்க ஒரு மருந்து கலக்கிறாங்க. மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. குதிரை தின்னா நெஞ்சு நின்னுடும். குதிரையால வாந்தியும் எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான்."

"அப்ப என்ன எழுதட்டும்?"

"உள்ளதை உள்ளபடி எழுதுங்க. என் பேரை மட்டும் எங்கேயும் எழுதாதீங்க."

தீவனக்காரர் உள்ளதை உள்ளபடி எழுதினார். மான்கள் ஆறுக்கும் நான்கு நான்கு. பிரச்சினை இல்லாத குடும்பம். ஒட்டகத்துக்கு மூன்று. ஆந்தைக்கு இரண்டு, ஒன்றில் சாறு சுரக்கும், இன்னொன்று அரைக்கும், செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகத் துப்பிவிடும். குதிரை, சிங்கம் இரண்டு, கரடி, மலைப்பாம்பு, முயல் பதினொன்று, எல்லாவற்றுக்கும் ஒன்று ஒன்று. குளத்துக் கெண்டைகள் நாற்பது. அவற்றுக்கு வயிறே கிடையாது. மலைப்பாம்புக்கு நேரே "உண்ட நேரம்: போன வாரம் புதன். செரித்த நேரம்: இன்னும் இல்லை" என்று எழுதினார். மீதியிருந்த கட்டங்களில் "இல்லை", "இல்லை" என்று நிரப்பினார். கட்டம் காலியாக விடக்கூடாது என்றுதானே சொல்லியிருந்தார்கள்.

இயக்ககம் சுறுசுறுப்பாக இயங்கியது. பத்தாம் நாள் முதல் சுற்றறிக்கைகள் வந்தன. மலைப்பாம்பு இனிமேல் அலுவலக நேரத்துக்குள் செரித்து முடிக்க வேண்டும். ஆந்தை உட்கொண்ட எதையும் முன்னனுமதியின்றித் திருப்பி அனுப்பக் கூடாது. முயல்கள் பற்றியது மட்டும் கொஞ்சம் நீளம். முயல் தான் போட்ட மிருதுவான புழுக்கையைத் தானே திரும்பத் தின்னும். முதல் சுற்றில் விட்டுப்போன சத்தை இரண்டாம் சுற்றில் எடுத்துக்கொள்ளும். "ஒருமுறை முடித்து வைக்கப்பட்ட விவகாரத்தை மீண்டும் திறப்பது நடைமுறைக்கு எதிரானது," என்றது சுற்றறிக்கை. முயல்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. துடைப்பத்தோடு ஒரு கண்காணிப்பாளர் நியமிக்கப்பட்டார். அவர் நேர்மையானவர், கண் அயராதவர். மூன்று வாரத்தில் இரண்டு முயல்கள் செத்துப்போயின.

இயக்ககம் இரங்கல் தெரிவித்துக் கடிதம் அனுப்பியது. அதே உறையில் இன்னொரு தாளும் இருந்தது. "தங்கள் பொறுப்பிலுள்ள விலங்குகளிடம் இருநூற்றுப் பதினொரு வயிறுகள் குறைவாக உள்ளன. இறந்த விலங்குகளின் குறைவு இறப்பினால் தீர்ந்ததாகாது. மேற்படி வயிறுகளை ஏழு நாட்களுக்குள் ஒப்படைக்கவும். தவறினால் நேரில் விளக்கமளிக்கவும்."

தீவனக்காரர் அதை வீட்டில் மனைவியிடம் காட்டினார். அவள் பள்ளிச் சீருடை தைக்கிறவள். ஊசியைப் பல்லில் கடித்தபடியே படித்து முடித்தாள்.

"ஏங்க, நிஜமா நீங்க எடுக்கலையே?"

"அடியே!"

"இல்ல, கேட்டு வச்சேன். அவங்க இவ்வளவு உறுதியா கேக்கும்போது எனக்கே லேசா சந்தேகமா இருக்கு."

இயக்ககம் ஒரு நான்கு மாடிக் கட்டடம். கூடத்தின் நடுவில் சுண்ணாம்பில் செய்த ஆளுயர மாடு நின்றது. அதன் விலாவில் நான்கு சிறு கதவுகள், நான்குக்கும் பூட்டு. தீவனக்காரர் அதன் எதிரே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். யாரோ உள்ளிருந்து ஒருமுறை தட்டியதுபோல் இருந்தது. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இவரும் காட்டிக்கொள்ளவில்லை.

இயக்குநர் மெலிந்தவர், மென்மையாகப் பேசுகிறவர். குரலை உயர்த்தவே மாட்டார். தேவைப்பட்டதில்லை.

"உக்காருங்க, உக்காருங்க. தண்ணி குடிச்சீங்களா? நான் பதினோரு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒரு வயித்தைக்கூட நேர்ல பார்த்ததில்லை. பார்த்திருந்தா எனக்கு ஒரு பக்கச் சார்பு வந்திருக்கும். குதிரையோட மூணு வயிறு எங்கே?"

"ஐயா, பிறவியிலேயே அதுக்கு ஒண்ணுதாங்க."

"பிறக்கும்போது எண்ணினீங்களா?"

"இல்லீங்க."

பக்கத்தில் இருந்த எழுத்தர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "பிறக்கும்போது எண்ணத் தவறியதை ஒப்புக்கொண்டார்."

"மீனுக்கு நாலுமே இல்லைன்னு போட்டிருக்கீங்க. வயிறே இல்லாத ஜீவன் எதுக்குய்யா சாப்பிடுது?"

"குடல் இருக்குங்க. தின்னது நேரா குடலுக்கே போயிடும்."

"நேராவா?" இயக்குநரின் முகம் முதல்முறையாகச் சுருங்கியது. "நடுவுல யாருமே பார்க்காம?"

"டாக்டரைக் கேட்டுப் பாருங்கய்யா. அவருக்குத் தெரியும்."

"கூப்பிட்டோம். வயித்துக் கோளாறுன்னு நீண்ட விடுப்புல போயிட்டார்." இயக்குநர் படிவத்தைக் கையால் நீவிவிட்டார். "நீங்க கெட்டவர்னு நான் சொல்லலை. ஆனா நீங்களே யோசிங்க. ஐம்பதாயிரம் படி அச்சடிச்சாச்சு. நல்ல தாள். ஒரு கிழட்டுக் குதிரைக்காக ஐம்பதாயிரம் தாளைக் கிழிக்கணும்னா, அந்தக் காகிதம் செஞ்ச மரத்துக்கு நான் என்ன பதில் சொல்றது? ஒரு மாதிரிச் சரிபார்ப்பு நடத்துவோம். ஒரு விலங்கைத் திறந்து பார்ப்போம். உள்ளே மீதி மூணு இருந்தா நீங்க எழுதினது பொய். இல்லைன்னா திருட்டு உறுதி. எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு நியாயம் கிடைச்சுடும்."

"திறந்துன்னா..."

"அந்தக் குதிரையையே வச்சுக்குவோம். சும்மாதானே நிக்குது."

"அய்யோ, அது செத்துப் போயிடுங்க! அதுக்கு என்னங்க நியாயம்?"

"அது விண்ணப்பிக்கலையே," என்றார் இயக்குநர், உண்மையான வருத்தத்தோடு.

தேதி குறித்தாயிற்று. வெள்ளிக்கிழமை, காலை பத்தரை.

படியிறங்கும்போது பதிவறை எழுத்தர் அவரைக் கை ஜாடையால் உள்ளே கூப்பிட்டார். பல அலுவலகங்களில் முப்பது வருடமாகக் கோப்பு ஒட்டி ஒட்டி விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவர். எல்லோரும் அவரைப் பசை என்றுதான் கூப்பிடுவார்கள். "பதறாதீங்க தம்பி. இங்க ஒரு கோப்பை மூட ரெண்டுல ஒண்ணு போதும். காணாமப் போன பொருள். இல்லைன்னா எடுத்த ஆள். பொருள் கிடைக்கப் போறதில்லை."

"ஆள்னா?"

"நான் எதுவும் சொல்லலை. நான் ஒட்டுறதோட சரி."

தீவனக்காரர் வெள்ளிக்கிழமை வரை யோசித்தார். சீமாட்டிக்கு அந்த வாரம் நல்ல பசி. புல்லை முழுதாகத் தின்றாள், காதை ஆட்டினாள், மூக்கால் அவர் தோளைத் தள்ளினாள். அது அவருக்கு உதவியாக இல்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவர் இயக்குநர் அறைக்கு முன்னால் போய் நின்றார். "நான்தாங்க எடுத்தேன்."

இயக்குநர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "ஒரு நல்ல கோப்பு இப்படித்தான் முடியணும். எல்லாம் எங்கே?"

இதை அவர் யோசித்து வைத்திருந்தார். விற்றேன் என்றால் வாங்கியவன் யார் என்று கேட்பார்கள்; யாரோ ஒரு பாவப்பட்டவனும் மாட்டுவான். புதைத்தேன் என்றால் தோண்டச் சொல்வார்கள்.

"சாப்பிட்டுட்டேங்க."

"இருநூற்றுப் பதினொண்ணையுமா?"

"பசிச்சுதுங்க."

மாதிரிச் சரிபார்ப்பு ரத்தானது. சீமாட்டியின் படிவத்தில் "இல்லை" என்றிருந்த மூன்று கட்டங்களிலும் அதை அடித்துவிட்டு, "தீவனக்காரர் வசம்" என்று எழுதி முத்திரை குத்தினார்கள். அடுத்து அவரைச் சிறைக்கு அனுப்பியாக வேண்டும். சிறைத்துறையிலிருந்து பதில் வந்தது. "கைதி மட்டுமே எம்மைச் சேர்ந்தவர். கைதிக்குள் இருக்கும் பொருள்கள் தங்கள் துறையைச் சேர்ந்தவை. தயவுசெய்து இரண்டையும் பிரித்து அனுப்பவும்."

பிரிக்கும் வரை அவரைக் காட்சிசாலையிலேயே வைத்திருப்பது என்று முடிவாயிற்று. கரடியைத் தனிமைப்படுத்த வைத்திருந்த கூண்டு காலியாக இருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் குதிரைக் கொட்டகை. கூண்டில் ஒரு பலகை மாட்டினார்கள். "தீவனக்காரர். வயிறு: இருநூற்றுப் பன்னிரண்டு. (சொந்தம்: ஒன்று.)" ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வந்தது. ஆட்கள் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் இல்லையே என்ற ஏமாற்றத்தோடு சிங்கத்தைப் பார்க்கப் போனார்கள்.

அவர் இடத்துக்கு வந்த புது ஆளுக்குப் பூஞ்சை வாடை தெரியவில்லை. "அண்ணே, புல்லுன்னா புல்லுதானேண்ணே?" என்றான். ஆகவே தீவனக்காரர் புல்லை முதலில் கம்பி வழியாக நீட்டச் சொல்லி, தாமே மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். இதைச் சிலர் படம் பிடித்தார்கள். வயிறு அதிகமானால் புல் தின்னும் பழக்கம் வரும் என்று இயக்ககத்தின் ஆண்டறிக்கையில் ஒரு வரி சேர்ந்தது.

மனைவி தினமும் சாப்பாடு கொண்டுவந்தாள். நடுவில் ஒருநாள் அளவு நாடாவோடு இயக்ககத்துக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டும் வந்தாள்.

"இவர் இடுப்பு முப்பத்திரண்டு அங்குலம், நானே தச்சுப் போட்ட கால்சட்டை, இதுக்குள்ள இருநூறு வயிறு எங்கய்யா நிக்கும்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"படிவத்துல அங்குலத்துக்குக் கட்டம் இல்லையாம்." நாடாவைச் சுருட்டினாள். "இந்தா பாருங்க. நான் பொய் சொன்னேன், எனக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான்னு சொல்லிட்டு வீடு வந்து சேருங்க. வேலை போனா போகுது. நான் தைக்கிறேன்ல?"

"சொல்லலாம். சொன்னா மறுபடி இவளைத் திறப்பாங்க."

அவள் கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். சீமாட்டி வாலால் ஈயை விரட்டினாள். மனைவி "உன்னை என்ன செய்யறதுன்னே தெரியலைடி," என்று குதிரையிடம் சொல்லிவிட்டு, முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு போனாள்.

ஆண்டு முடிவதற்கு இரண்டு நாள் முன்பு, மீட்கப்பட்ட பொருள்களின் நேரடிச் சரிபார்ப்புக்கு ஆணை வந்தது. காலையிலேயே காட்சிசாலையை மூடினார்கள். இயக்குநர் வந்தார். பசை வந்தார். கால்நடை மருத்துவர் விடுப்பு முடிந்து, மூவரிலும் கடைசியாக வந்து, எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டார். அறுப்புக்கூடத்திலிருந்து கடனாக அனுப்பப்பட்ட ஆள், தோல் பையோடு வந்தார். அவர் கூண்டுக்குள் ஒரு நீள மேசையைப் போட்டு, அது ஆடாமல் இருக்கக் காலுக்கடியில் மடித்த சுற்றறிக்கை ஒன்றைச் செருகினார்.

இயக்குநர் நாலு வார்த்தை பேசினார். "இது தண்டனை இல்லை. யாரும் தப்பா நினைக்கக் கூடாது. தண்டனை கொடுக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது, எண்ணத்தான் அதிகாரம். எண்ணி முடிச்சதும் எல்லாத்தையும் அந்தந்தக் கட்டத்துல சேர்த்துடுவோம். டாக்டர், உங்க கருத்து?"

மருத்துவர் தன் செருப்பைப் பார்த்தார். "எனக்குக் கருத்து எதுவும் இல்லீங்க."

"பதிவு பண்ணுங்க. மருத்துவ ஒப்புதல் கிடைத்தது."

பசை பதிவு பண்ணினார். பேனா தாளில் உராயும் சத்தம் மட்டும் கேட்டது. மேலிருந்து ஆந்தை ஒருமுறை தொண்டையைச் செருமி, எதையும் துப்பாமல் விழுங்கிக்கொண்டது.

அறுப்புக்கூடத்துக்காரர் நல்ல மனிதர். பையைத் திறப்பதற்கு முன்னால் குனிந்து தீவனக்காரரின் காதருகே மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, இத்தனை வருஷமா எத்தனையோ உடம்பைத் திறந்தவன் நான். உங்களுக்குள்ள ஒண்ணுதான் இருக்கும், எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை, ஒண்ணுன்னு சொல்லுங்க. இப்பவே பையை மூடிடறேன்."

"மூடிட்டு?"

அவர் பக்கத்துக் கொட்டகையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அங்கே ஆணையின் இன்னொரு படி, குதிரையின் பெயர் எழுதி, தேதி மட்டும் போடாமல், கதவில் தொங்கியது.

சீமாட்டி புல் தின்றுகொண்டிருந்தாள். அவசரமில்லாமல் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து, ஒவ்வொரு வாயையும் முழுதாக அரைத்து விழுங்கினாள். விழுங்கியது கழுத்து வழியே இறங்குவது வெளியே தெரிந்தது. அது அவளுடைய ஒரே ஒரு சின்ன வயிற்றுக்குப் போய், அங்கிருந்து பின்னால் அந்த நீண்ட குடலுக்குள் யாருடைய அனுமதியும் கேட்காமல் நகர்ந்துகொண்டிருக்கும்.

"என்ன அங்க பேச்சு?" என்றார் இயக்குநர். "சந்தேகம் எதாவதா?"

"ஒண்ணுமில்லீங்க," என்றார் தீவனக்காரர். மேசையில் ஏறி உட்கார்ந்து சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். அடுத்தது, அதற்கடுத்தது. மனைவி இறுக்கமாகத் தைத்திருந்த பொத்தான்கள். விரல் கொஞ்சம் சிரமப்பட்டது.

"மெதுவா எண்ணுங்க," என்றார். "நிறைய இருக்கு."